ஒரே நூலை ஆண்டுதோறும் படிப்பது யூதர்களுக்குச் சலிக்காதா?

“யூதர்கள் வாரந்தோறும் ஜெப ஆலயத்தில் தோராவின் ஒரு பகுதியைப் படிக்கிறார்கள், ஆண்டு முடிந்ததும் அதே நூலை அதே வரிசையில் மறுபடியும் தொடங்குகிறார்கள். அவர்களுக்குச் சலிப்புத் தட்டாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யூதன் அல்லன். ஆனால் இலண்டனின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் ஏழு ஆண்டுகள் ஒரு வீட்டின் மேல்தளத்தில் குடியிருந்தேன். கீழ்த்தளத்தில் இருந்த யூதப் பெரியவர் என்னைப் பல சனிக்கிழமைகளில் தம்முடன் அழைத்துச் சென்றார். அவரிடம் கேட்டதையும் அங்கே நேரில் கண்டதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். அவற்றை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்குப் ‘பராஷா’ என்று பெயர். இலையுதிர் காலத்தில் வரும் சிம்ஹாத் தோரா திருநாளில் ஐந்தாம் நூலான உபாகமத்தின் கடைசி வரியைப் படித்து முடித்த கையோடு, முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுகிறார்கள். வாரத்துக்கே அந்தப் பகுதியின் பெயர்தான். “நோவா வாரத்தில் ஊருக்குப் போனேன்” என்று பெரியவர் இயல்பாகச் சொல்வார். சனிக்கிழமை படிக்கவிருக்கும் பகுதியின் தொடக்கத்தை அதற்கு முந்தைய திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலைத் தொழுகையில் படித்துவிடுவார்கள். இது போதாதென்று, ஒவ்வொருவரும் தம் வீட்டில் அந்த வாரப் பகுதியை எபிரேயத்தில் இருமுறையும் அரமேய மொழிபெயர்ப்பில் ஒருமுறையும் படிக்க வேண்டும் என்ற பழைய வழக்கமும் உண்டு. பெரியவர் வெள்ளிக்கிழமை பிற்பகலில், மறுநாளுக்கான அவரையும் பார்லியும் இறைச்சியும் சேர்ந்த சோலெந்த் சிறு தீயில் கொதித்துக்கொண்டிருக்க, சமையலறை மேசையிலேயே அமர்ந்து இதைச் செய்வார். ஆகவே, அடுத்து என்ன வரப்போகிறது என்பது தெரியாமல் சனிக்கிழமை காலையில் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மிகச் சிலரே.

வாசிப்பை அருகிலிருந்து பார்த்தால், கதையை அறிந்துகொள்வதற்காக அங்கே யாரும் கூடவில்லை என்பது விளங்கும். தோராச் சுருள் இருக்கும் பேழையைத் திறந்ததும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். தோல் சுருளில் கையால் எழுதப்பட்ட 3,04,805 எழுத்துகளும் உயிர்க்குறியோ இராகக்குறியோ இல்லாமல் மெய்யெழுத்துகளாகவே நிற்கின்றன. வாசிப்பவர் உயிரொலியையும் இராகத்தையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்து வந்தாக வேண்டும். சுருளை வெறுங்கையால் தொடுவதில்லை. சுட்டுவிரல் நீட்டிய சிறிய கை வடிவில் முனையுள்ள ஒரு வெள்ளிக்கோலை வரியின் மேல் நகர்த்திக்கொண்டே படிக்கிறார்கள். பொருள் மாறும்படி ஓர் ஒலி பிசகினால், பக்கத்தில் நிற்பவர் உடனே சரியான சொல்லைச் சொல்லுவார். வாசிப்பவர் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் படிப்பார். பதின்மூன்று வயது நிறைந்த ஒரு சிறுவன் முதன்முறையாக வாசித்த நாளில் இப்படி மூன்று முறை திருத்தினார்கள். அவன் முகம் சிவந்தது. ஆனாலும் அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே ஆண்களும் மாடத்தில் பெண்களும் தத்தம் புத்தகத்தில் அதே சொல்லில் விரல் வைத்துக் காத்திருந்தார்கள்.

வாசிப்பை ஏழாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். முதலாவது, ஆசாரியரான ஆரோனின் வழிவந்தவருக்கு, இரண்டாவது, லேவி குலத்தவருக்கு, மூன்றாவதிலிருந்து மற்றவர்களுக்கு. அழைக்கப்பட்டவர் தம் சால்வையின் குஞ்சத்தால் அந்தச் சொல்லைத் தொட்டு, குஞ்சத்தை முத்தமிட்டு, வாழ்த்துரை சொல்லி, வாசிப்பு முடியும்வரை பக்கத்தில் நிற்பார். இடையிடையே நோயுற்றவர்களுக்காக வேண்டுகிறார்கள்; அப்போது நோயாளியை இன்ன தாயின் மகன், இன்ன தாயின் மகள் என்று தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது இப்படித்தான் வாரந்தோறும் ஊருக்குத் தெரிகிறது.

சலிப்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு பகுதியை வைத்துப் பதில் சொல்கிறேன். லேவியராகமத்தின் 9 முதல் 11 வரையிலான அதிகாரங்கள் அடங்கிய ‘ஷெமினி’ வசந்த காலத்தில் வரும். வனாந்தரத்தில் வழிபாட்டுக்காக அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் பிரதிஷ்டை நிறைவுறும் எட்டாம் நாளில் கடவுளின் சந்நிதியிலிருந்து புறப்பட்ட நெருப்பு பலியை ஏற்றுக்கொள்கிறது, மக்கள் ஆரவாரிக்கிறார்கள். உடனே ஆரோனின் மூத்த மகன்கள் நாதாபும் அபியூவும் கட்டளையிடப்படாத அந்நிய நெருப்பைக் கொண்டுவர, அதே சந்நிதியிலிருந்து புறப்பட்ட நெருப்பு இருவரையும் கொன்றுவிடுகிறது. தகப்பனைப் பற்றித் தோரா இரண்டே சொற்கள் சொல்கிறது: ‘வய்யிதோம் ஆரோன்’, ஆரோன் மௌனமானான்.

அந்த இரண்டு சொற்களைச் சுற்றி உரையாசிரியர்கள் நூற்றாண்டுக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டின் ராஷி, அந்த மௌனத்துக்குப் பரிசாகவே அடுத்த கட்டளையைக் கடவுள் ஆரோனிடம் மட்டும் நேரடியாகச் சொன்னார் என்கிறார். 13ஆம் நூற்றாண்டின் ரம்பான், ஆரோன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்து பிறகுதான் ஓய்ந்தான் என்கிறார். 15ஆம் நூற்றாண்டின் அபர்பனேலோ, உயிரற்ற பொருளைக் குறிக்கும் ‘தோமேம்’ என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்த்து, அவன் கல்லாகிவிட்டான் என்று பொருள் கொள்கிறார். நான் முதன்முறை ஷெமினி கேட்ட ஆண்டில் பெரியவர் ராஷியின் பக்கம் நின்றார். “ஏற்றுக்கொள்வதுதான் அந்த மௌனம்” என்று நடந்து வரும்போது எனக்கு விளக்கினார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய ஒரே மகன் இறந்தார். முப்பது நாளும் கதீஷ் என்னும் துக்க வேண்டுதலைச் சொல்லப் பெரியவர் காலையிலும் மாலையிலும் ஜெப ஆலயத்துக்குப் போனார். அந்த வேண்டுதலில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, முழுவதும் கடவுளின் புகழ்ச்சிதான். ஆனால் பத்துப் பேர் கூடாமல் அதைச் சொல்ல முடியாது. துக்கம் காப்பவரைத் தனியே விடாத அந்த விதியை நான் இன்றுவரை மதிக்கிறேன்.

முதல் நினைவு நாள் ஷெமினி வாரத்தை ஒட்டி வந்தது. நினைவு நாளுக்கு முந்தைய சனிக்கிழமை மேடைக்கு அழைப்பது வழக்கம். அவருக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடமான மூன்றாவது அழைப்பில்தான் ஆரோனின் மகன்கள் இறக்கும் வரிகள் வருகின்றன. அழைப்புகளைக் கவனிப்பவர் வேறோர் அழைப்பைத் தரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாராம். பெரியவர் மூன்றாவதுதான் வேண்டும் என்றார். வெள்ளிக்கோல் ‘வய்யிதோம் ஆரோன்’ என்ற இடத்துக்கு வந்தபோது அவருடைய கை சுருளின் மரப்பிடியைப் பற்றியிருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்ததை நான் மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தேன்.

தொழுகை முடிந்து, ஹெர்ரிங் மீனும் விஸ்கியும் வைத்திருந்த கூடத்தில் அவர் சில நிமிடங்கள் பேசினார். இத்தனை ஆண்டுகளாக மூன்றாம் வசனத்தோடு தாம் நின்றுவிட்டதாகச் சொன்னார். அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி, பாவநிவாரண பலியை ஏன் உண்ணவில்லை என்று மோசே கோபித்துக்கொள்கிறான். அப்போது ஆரோன் வாய் திறக்கிறான்: எனக்கு இப்படியெல்லாம் நேர்ந்திருக்கும் இந்த நாளில் நான் அதை உண்டிருந்தால் கடவுளுக்கு அது நன்றாக இருந்திருக்குமா? மோசே அதைக் கேட்டு ஒப்புக்கொள்கிறான். “மௌனத்தை மட்டும் பார்த்தேன், அன்றைக்கே அவன் பேசினான் என்பதையும், மோசே அவனுக்கு விட்டுக்கொடுத்தான் என்பதையும் எழுபது முறை கேட்டும் நான் கேட்கவில்லை” என்றார்.

அன்று மாலைத் தொழுகைக்கும் அவரோடு போனேன். சனிக்கிழமை மாலையில் சுருளை மறுபடியும் எடுத்து, அடுத்த வாரப் பகுதியின் தொடக்கத்தைப் படிப்பார்கள். ஷெமினிக்கு அடுத்தது தஸ்ரியா. ஒரு பெண் கருவுற்று ஆண்குழந்தையைப் பெறும்போது என்று அது தொடங்குகிறது. பெரியவர் புத்தகத்தைத் திறந்து, அந்த வரியை எனக்கும் விரலால் காட்டினார்.