எல்லா டப்பாவையும் கூட்டிப் பாருங்கள்: மல்டிவைட்டமின் கேள்வி-பதில்

மாத்திரையில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறதாமே, புற்றுநோய் வருமா?

மாத்திரை வெள்ளையாகத் தெரியப் போடும் நிறமி, அவ்வளவுதான். மரபணுவைப் பாதிக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் கைவிரித்தது; அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் உணவில் தடை போட்டது. அமெரிக்கா உணவின் எடையில் 1 சதவீதம் வரை அனுமதிக்கிறது. உணவில் சேர்வதால் மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்று நிரூபணமாகவில்லை. சத்தும் இல்லாத பொருள் என்பதால், அது சேராத மாத்திரை கிடைத்தால் மாறிக்கொள்ளுங்கள். இதுவரை விழுங்கியதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெக்னீசியம் ஸ்டியரேட்?

மாத்திரை அடிக்கும் இயந்திரத்தில் தூள் ஒட்டாமல் இருக்கச் சேர்ப்பது. சில மில்லிகிராம்தான். ஸ்டியரிக் அமிலம் நாம் உண்ணும் கொழுப்பிலேயே இருக்கிறது. விட்டுத் தள்ளுங்கள்.

மல்டிவைட்டமின், பி-காம்ப்ளெக்ஸ், மெக்னீசியம் மாத்திரை மூன்றும் எடுக்கிறேன். சில மாதமாக இரண்டு பாதமும் மரத்துப்போகிறது. நரம்புக்கு இன்னொரு வைட்டமின் சேர்க்கலாமா?

எதில் எத்தனை மில்லிகிராம் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? பெயரை மட்டும் எழுதுவதும் மாத்திரையின் நிறப்பூச்சைக் கண்டு பயப்படுவதும் அளவைப் பார்க்காமல் விடுவதும்தான் பெரும்பாலான கடிதங்களில்.

மூன்றிலும் பி6 இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில் 'பைரிடாக்சின்' அல்லது 'பைரிடாக்சல் 5-பாஸ்பேட்' என்றிருக்கும். மெக்னீசியம் மாத்திரையிலும் சேர்த்திருப்பார்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு நாளைய தேவை ஒன்றரை மி.கி. அளவுதான். 'அதிக வீரியம்' என்று விற்கும் பி-காம்ப்ளெக்ஸில் 50, 100 மி.கி. இருப்பது சகஜம். அமெரிக்க உச்ச வரம்பு 100 மி.கி.; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் தன் வரம்பை 12-க்கு இறக்கிவிட்டது. இடைவெளியே சொல்கிறது, விஷயம் எவ்வளவு தகராறானது என்று.

'நீரில் கரையும் வைட்டமின், மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்' என்ற சமாதானம் பி6-க்குப் பொருந்தாது. மாதக்கணக்கில் மிகுந்தால் உணர்வு நரம்பைக் கெடுக்கும். இரண்டு பாதமும் ஒரே மாதிரி மரக்கும், எரியும், இருட்டில் நடை தடுமாறும். நரம்புக்கென்று விழுங்குவதே நரம்பைப் பதம்பார்க்கிறது. அந்த மரப்புக்கு இன்னொரு மாத்திரையா? நிறுத்தினாலும் சில வாரம் தொல்லை கூடுவதுபோல் தோன்றலாம். மெல்லத்தான் குறையும், சிலருக்கு முழுவதும் போகாது.

பி6 என்றே முடிவுகட்டிவிடவும் வேண்டாம். நீரிழிவிலும் பி12 குறைவிலும் இதே மரப்பு வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12 குறையலாம். மூன்று டப்பாவோடும் மருத்துவரிடம் போங்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவருக்கு பி6 கூடவே தருவார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது.

புகைப்பவன். பீட்டா கரோட்டின் நுரையீரலைக் காக்குமா?

நேர் எதிர். ஃபின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் ஏறத்தாழ 30,000 பேரை வைத்து நடந்த ஆய்வில் (1994), தினம் 20 மி.கி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. காய்கறியில் வருவதற்குத் தடையில்லை, மாத்திரையில் வேண்டாம். அண்மையில் புகையை விட்டவருக்கும் இதே பதில்.

கர்ப்பமாக இருக்கிறேன். மல்டிவைட்டமினோடு மீன் ஈரல் எண்ணெயும் எடுக்கலாமா?

கூட்டிப் பாருங்கள். இரண்டிலும் ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ, இருக்கக்கூடும். உணவையும் சேர்த்து ஒரு நாளைக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 ஐ.யு., தாண்டக் கூடாது. தாண்டினால் கருவின் உறுப்புகள் உருவாவதையே பாதிக்கலாம். ஈரல் எண்ணெயை நிறுத்திவிட்டு, கர்ப்பிணிகளுக்கென்றே வரும் மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடாதீர்கள்.

முடிக்கு பயோட்டின் எடுக்கிறேன். தைராய்டு பரிசோதனை தப்பாக வருமா?

வரலாம். தேவை 30 மைக்ரோகிராம், முடி மாத்திரையில் 5,000, 10,000. சில பரிசோதனை முறைகளில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து தெரியும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனினும் அப்படியே, அதுதான் ஆபத்து. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள்.

சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகிறது.

ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. ஒன்றுமில்லை.

குழந்தை என் இரும்புச்சத்து மாத்திரையில் சிலவற்றை விழுங்கிவிட்டது. வாந்தி எடுத்தபின் விளையாடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கலாமா?

கடிதம் எழுதும் நேரமா இது? உடனே மருத்துவமனை. உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. இரும்பிலேயே தொல்லை தொடங்கும், 60 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 60 மி.கி. இரும்புள்ள மாத்திரை பத்து போதும், 10 கிலோ குழந்தை அந்த அளவை எட்ட. வாந்திக்குப் பின் சில மணி நேரம் தெளிவாகத் தெரிவது இந்த விஷத்தின் வழக்கம். அதை நம்பி வீட்டிலிருந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் மிச்ச மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நல்ல மல்டிவைட்டமின் ஒன்று சொல்லுங்கள்.

வயது? வேறு மருந்து? ரத்தப் பரிசோதனை? எழுதுங்கள், பிறகு பார்ப்போம்.