கரைவலையும் கணினி ஏஜென்ட்டுகளும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சார், ‘மல்ட்டி ஏஜென்ட் சிஸ்டம்’ என்று எங்கள் பாடத்தில் வருகிறது. பல ஏஜென்ட்டுகளைச் சேர்த்து ஒரு வேலை வாங்குவதில் அப்படி என்ன சிரமம்? ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுத்தால் முடிந்ததுதானே?
— கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: நம் கரையில் ஏஜென்ட் என்றால் இறாலும் நண்டும் எடுக்க வரும் கம்பெனி ஆள். உங்கள் பாடத்தில் வருவது வேறு. தன்னைச் சுற்றி நடப்பதைத் தானே கவனித்து, அடுத்து என்ன செய்வதென்று தானே முடிவெடுக்கும் ஒரு புரோகிராம், அல்லது ஒரு ரோபோ.

பங்கு பிரிப்பது சுலபம். பிரித்த பிறகுதான் சிரமமே. இதை நான் கற்றுக்கொண்டது தனுஷ்கோடிக் கரையில். பத்துப் பதினொரு வயதில் அப்பாவோடு கரைவலை இழுக்கப் போவேன். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு, வள்ளம் வலையை இறக்கிக்கொண்டே அரைவட்டமாகச் சுற்றிவரும். மறு நுனியைச் சற்றுத் தள்ளிக் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். நடுவில் மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை. ஒரு பக்கம் முந்திவிட்டால் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பிவிடும். அம்பா என்னும் மீனவர் பாட்டைப் பாடிக்கொண்டு இழுப்பது களைப்புத் தெரியாமல் இருக்க மட்டுமில்லை, இரண்டு பக்கக் கைகளும் ஒரே தாளத்தில் போகவும்தான்.

ஒருநாள் கிழக்குப் பக்கத்து வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. அவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டு, அதை விடுவிப்பதிலேயே மும்முரமாகிவிட்டார்கள். அன்று மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. பாட்டு நின்றது எங்கள் காதுக்கு எட்டவில்லை. நாங்கள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தோம். மடி கரைக்கு வந்தபோது வலை கிழிந்து கிடந்தது. கூடை கூடையாக வர வேண்டிய சாளை ஒரு சட்டிக்குத்தான் தேறியது. அப்பா யாரையும் திட்டவில்லை. “மாட்டுனது தப்பில்லப்பா. மாட்டிக்கிருச்சுன்னு ஒராளு ஓடியாந்து சொல்லியிருக்கணும்ல” என்றார்.

பல வருடங்கள் கழித்து, செயற்கை அறிவு ஆய்வாளர்களான பிலிப் கோஹனும் ஹெக்டர் லெவெஸ்கும் 1991-இல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது அப்பாவின் குரல்தான் கேட்டது. ஒரு குழு சேர்ந்து ஒரு குறிக்கோளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது முடிந்துவிட்டது என்றோ, இனி முடியாது என்றோ ஒருவருக்குத் தெரிய வந்தால், அவர் தன் வேலையை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. மற்றவர்களுக்குத் தெரியப்படுத்தும் பொறுப்பும் அவருடையது. சேர்ந்து செய்வது என்பதன் பொருளுக்குள்ளேயே இந்தக் கடமை அடங்கியிருக்கிறது என்று அவர்கள் தர்க்கமாக நிறுவினார்கள்.

மிலிந்த் தாம்பே 1997-இல் எழுதியதையும் தேடிப் படியுங்கள். கணினிக்குள் ஒரு ஹெலிகாப்டர் படை, ஒவ்வொரு ஹெலிகாப்டரையும் ஓட்டுவது ஒரு ஏஜென்ட். வேவு பார்க்க ஒன்று முன்னால் போயிற்று, மலைச்சரிவில் மோதி விழுந்தது. மற்றவை அதன் செய்திக்காகக் காத்திருந்தன, காத்துக்கொண்டே இருந்தன. இன்னொரு முறை, வேலை முடிந்ததைக் கண்ட தலைமை ஹெலிகாப்டர் தான் மட்டும் தளத்துக்குத் திரும்பிவிட்டது. மற்றவை அங்கேயே நின்றன. திட்டத்தில் பிழை இல்லை, தனித்தனியே எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, குழுவாக இருப்பதற்கான பொது விதிகளையே ஒவ்வொரு ஏஜென்ட்டுக்குள்ளும் வைத்தார் தாம்பே. எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கும் செலவு உண்டு. அதனால், எதிராளிக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்குமா, தெரியாவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று எடைபோட்டுத்தான் அவை பேசும்.

கேள்வி: தலைவர் என்று ஒருவர் இல்லாமல் இவை ஒற்றுமையாக வேலை செய்யுமா?
— படகு மெக்கானிக், தங்கச்சிமடம்

பதில்: செய்யும் தம்பி, வேலையைப் பொறுத்து. ரீட் ஸ்மித் 1980-இல் சொன்ன வழி ஏலம் மாதிரி. வேலை வைத்திருப்பவர் அதை அறிவிப்பார். செய்ய முடிந்தவர்கள் தங்கள் நிலைமையைச் சொல்லிக் கேட்பார்கள். பொருத்தமானவருக்கு வேலை போகும். அந்த வேலைக்கு மட்டும்தான் அறிவித்தவர் முதலாளி. அடுத்த வேலையில் அவரே கூலிக்காரராகலாம்.

இதைவிட எளிதாகவும் முடியும். பக்கத்தில் இருப்பதோடு மோதாதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. இந்த மூன்று விதிகளை மட்டும் வைத்து 1987-இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் கணினித் திரையில் பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டார். ஹார்வர்டில் ராதிகா நாக்பால் குழுவினர் 2021-இல் ஏழு ரோபோ மீன்களை ஒரு தொட்டியில் நீந்தவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் நீல விளக்கும் கேமராவும் உண்டு. வெளியிலிருந்து கட்டளை கிடையாது. ஒன்றையொன்று பார்த்தே வட்டமாகச் சுற்றின, ஒன்றுகூடின. தேடும் பொருளைக் கண்ட மீன் தன் விளக்கை மினுக்கும், மற்றவை அங்கே வந்து சேரும். கண்டதைச் சொல்கிற ஒரு விதி அங்கேயும் இருக்கிறது, கவனியுங்கள்.

ஆனால் சாளைக் கூட்டத்துக்கு நாளைய திட்டம் கிடையாது. நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம், வலையை எங்கே வளைப்பது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டிய வேலைக்கு அந்த மூன்று விதிகள் போதாது.

கேள்வி: இரண்டு ரோபோக்களுக்கும் ஒரே இடம் வேண்டுமென்றால்?
— பள்ளி மாணவன், மண்டபம்

பதில்: பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று வைத்திருக்கிறார்களே, அதேதான். இடம் ஒன்று, நேரம் வேறு. ரோபோக்களும் ‘இந்தக் கட்டம், இந்த நொடி எனக்கு’ என்று ஒரு பொது அட்டவணையில் பதிந்துவிட்டு நகரலாம். அடுத்தது அதைப் பார்த்துத் தன் வழியை வகுக்கும். எல்லாரும் பதிந்தபடி நடக்கும்வரை மோதல் இல்லை. ஒருவர் நாள் தவறி வந்தால் என்ன ஆகும் என்பதை வலை அறுபட்ட நாட்டுப்படகுக்காரரிடம் கேட்டுப் பார்.

கேள்வி: கடைசி வருட புராஜெக்ட்டுக்கு ஐந்து ஏஐ ஏஜென்ட்டுகள் வைத்திருக்கிறோம். திட்டமிட ஒன்று, தேட ஒன்று, எழுத இரண்டு, சரிபார்க்க ஒன்று. எண்ணிக்கை கூடினால் தரம் கூடும்தானே?
— பொறியியல் மாணவர்கள், தொண்டி

பதில்: கூடும் என்று நம்பி இறங்காதீர்கள். முதலில் ஒன்றை வைத்தே முழு வேலையையும் செய்து பாருங்கள். அது எங்கே திணறுகிறதோ அங்கே மட்டும் இரண்டாவதைச் சேருங்கள். ஆளுக்குக் கொஞ்சம் மட்டுமே கண்ணில் படும் நிலையில், எல்லாருக்கும் சேர்த்து மிகச் சிறந்த திட்டத்தைக் கண்டுபிடிப்பது, ஒரே ஏஜென்ட் இருப்பதைவிட வேறு தரத்துக் கடினம். ஐந்து வேண்டாம், இரண்டு இருந்தாலே அப்படித்தான் என்று பெர்ன்ஸ்டைனும் அவருடைய கூட்டாளிகளும் 2002-இல் கணக்காகவே நிறுவிவிட்டார்கள். நான் என்ன பார்த்தேன் என்பதோடு, நீ என்ன பார்த்திருப்பாய் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறதல்லவா?

அப்புறம், உங்கள் அறிக்கையில் யாருக்கு என்ன வேலை என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கும். தன் வேலை நின்றுபோனால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? முதலில் அதை எழுதுங்கள். பிறகு ஐந்தையும் ஓடவிட்டு, நடுவில் தேடும் ஏஜென்ட்டை மட்டும் நிறுத்துங்கள். எழுதுகிற இரண்டும் காத்திருக்கின்றனவா, இல்லாததை இட்டுக்கட்டி எழுதுகின்றனவா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதை எடுத்துக்கொள்வோம்.