முகவர் வழியே சமையல் ஆள்

கேள்வி: காரைக்குடியில் 12 பேரை வைத்துச் சிறிய மெஸ் நடத்துகிறேன். சமையலுக்கும் பரிமாறவும் ஆள் அனுப்ப ஒரு முகவர் நிறுவனம் முன்வருகிறது. ஒப்புக்கொள்ளலாமா?

- வாசகர், காரைக்குடி

பதில்: ஒப்புக்கொள்ளலாம். ஆனால், ஆளைத் தேடித் தருவதோடு அவர்கள் பணி முடிகிறதா, அல்லது தம் சம்பளப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு உங்களிடம் வேலைக்கு அனுப்புகிறார்களா என்பதை முதலில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரண்டாவது முறையானால், 10 பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் மெஸ்ஸுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. பொருந்துமாதலால், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் அந்த ஆட்களுக்கு முகவர் சந்தா கட்டத் தவறினால், அந்தப் பொறுப்பு முதன்மை முதலாளியான உங்களையே சேரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். உணவைக் கையாள்பவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1 முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சான்றிதழ் முகவரிடம் இருப்பதாகச் சொன்னால் போதாது, பிரதி உங்கள் கடையில் இருக்கட்டும். கட்டணத்தை ஆள் சேர்ந்த அன்றே முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். இடையில் நின்றால் மாற்று ஆள் தரும் கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பணியாரத்துக்கு மாவுப் பதம் தெரிந்த கையை மட்டும், என் கருத்தில், முகவரிடம் தேடாமல் திருமண வீடுகளில் சமைக்கும் உள்ளூர்க் குழுக்களிடம் விசாரிப்பதே மேல்.