தோற்றவர்கள் தெருவுக்கு வரலாமா?

கேள்வி: தேர்தலில் தோற்றுவிட்டு, 'மோசடி, மோசடி' என்று தெருவில் கூடிக் கத்துவது என்ன நாகரிகம்? 2013இல் மலேசியாவில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள், அதை நம் சிங்கப்பூர் மெர்லயன் பூங்கா வரைக்கும் கொண்டுவந்தார்கள். முடிவை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்க்கும் பக்குவம் நமக்கு இருக்கிறது. மற்றவர்களுக்கு ஏன் வருவதில்லை?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: தோற்றவர்கள் என்கிறீர்களே, அந்தத் தேர்தலில் தோற்றது யார்? எதிர்க்கட்சிக் கூட்டணிக்குக் கிட்டத்தட்ட 51 விழுக்காடு வாக்கு. ஆளும் தேசிய முன்னணிக்கு 47. ஆனால் 222 இடங்களில் 133 தேசிய முன்னணிக்குப் போனது. புத்ராஜெயா தொகுதியில் 15,791 வாக்காளர்கள். கிள்ளான் பக்கத்துக் காப்பாரில் 144,159 பேர். இரண்டுக்கும் ஒவ்வொரு எம்.பி.தான். காப்பார்க்காரர் ஒன்பது பேர் சேர்ந்தால் புத்ராஜெயாக்காரர் ஒருவருக்குச் சமம். போதாக்குறைக்கு, விரலில் வைத்த அழியா மை சோப்புப் போட்டதும் போய்விட்டது என்று ஊரெல்லாம் புகார். இதற்கெல்லாம் ஒருவருக்குக் கோபம் வரவில்லை என்றால், அவர் வீடு காப்பாரில் இல்லை என்று அர்த்தம்.

மெர்லயன் பூங்காவில் 21 மலேசியர்கள் கைதானது நம் சட்டப்படிதான். வெளிநாட்டினர் அனுமதியில்லாமல் இங்கே கூடக் கூடாது. நம்மவர்கள் அனுமதியில்லாமல் கூடிப் பேசும் ஹோங் லிம் பூங்காவில்கூட அவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. போலீசும் முன்பே எச்சரித்திருந்தது. சட்டத்தை மீறினார்கள் என்று சொல்லுங்கள், சரி. நாகரிகம் தெரியாதவர்கள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் நம் பக்குவம். 2011 அதிபர் தேர்தலில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாகி, ஜெயித்த டோனி டானுக்கும் தோற்ற டான் செங் போக்குக்கும் இடையே வித்தியாசம் 7,000 சொச்சம்தான். மறுபடி எண்ணி முடிவு சொல்வதற்குள் விடியும் நேரமாகிவிட்டது. தோற்றவரின் ஆட்கள் ஏன் தெருவுக்கு வரவில்லை? வாக்குப்பெட்டிக்கு முத்திரை வைக்கும்போது அவருடைய முகவரும் பக்கத்தில் நிற்கலாம். எண்ணும் இடத்தில், கோடு தாண்டிப் போட்ட பெருக்கல் குறி செல்லுமா செல்லாதா என்று சீட்டுச் சீட்டாகப் பார்த்து ஆட்சேபம் சொல்லலாம். அதுதான் காரணம். மேசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவருக்குத் தெருவில் என்ன வேலை?

அந்த இடம் கிடைக்காத ஊரில் நடப்பதையும் பாருங்கள். 2020 ஆகஸ்டில் பெலாரசில் அதிபர் லுகாஷென்கோ 80 விழுக்காடு வாங்கி ஜெயித்ததாக அறிவித்தார்கள். மின்ஸ்க் நகரில் பெண்கள் வெள்ளை உடுத்தி, கையில் பூவோடு சாலையோரம் வரிசையாக நின்றார்கள். கூட்டத்தில் சிலர் பெஞ்சு மேல் ஏறுமுன் காலணியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. பொது பெஞ்சில் மண் படக்கூடாதாம்! முதல் சில நாட்களிலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். நாகரிகப் பாடம் அங்கே யாருக்கு எடுப்பீர்கள்?

அதற்காகத் தெருவில் இறங்கியவர்கள் எல்லாரும் நியாயவான்கள் என்று சொல்ல வரவில்லை. 2021 ஜனவரி 6ஆம் தேதி வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் சன்னலை உடைத்து நுழைந்த டிரம்ப் ஆதரவாளர்கள் தரப்புக்கு நீதிமன்றம் திறந்தே இருந்தது. 60க்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டு, ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றார்கள். ஜார்ஜியாவில் வாக்குகளைக் கையாலேயே மறுபடி எண்ணிக் காட்டினார்கள். உங்கள் கோபத்தை அவர்கள் மேல் காட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கறுப்புச் சட்டைக்காரர்கள் ஆட்சியைத் தெருவில் பிடிக்கவில்லை. ஐந்து வருடம் காத்திருந்தார்கள். 2018 மே 9, நமக்கு வேலை நாளான புதன்கிழமை வாக்குப்பதிவு. இங்கே வேலை பார்க்கும் மலேசியர்கள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கால் கடுக்க நின்று, கடற்பாலம் தாண்டி ஊருக்குப் போய் வாக்களித்தார்கள். சுதந்திரம் வந்த நாளிலிருந்து ஆண்ட கூட்டணி அன்றுதான் முதல்முறையாகத் தோற்றது. அந்தப் புதன்கிழமை உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் லீவு என்று விசாரித்துப் பாருங்கள்.