அட்டவணை வேண்டாம், கரண்டியை மாற்றுங்கள்

கேள்வி: சரிவிகிதமாகச் சாப்பிட வேண்டும் என்று மாதாமாதம் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுகிறேன். நான்காம் நாளே பழைய கதைதான். எங்கே தவறு?

பதில்: முதலில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். நானும் ஒட்டிப் பார்த்தவள்தான். கலர் பேனாவில் எழுதியது ஒன்றுதான் மிச்சம்!

தட்டைப் பாருங்கள், போதும். பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், மீதிக் கால் பங்கு பருப்பு, மீன், முட்டை மாதிரியான புரதம். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011-ல் வெளியிட்ட கணக்கு இது. உருளைக்கிழங்கை அந்தப் பாதியில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதால் அவர்கள் அதைக் காய்கறிக் கணக்கிலேயே வைக்கவில்லை. (என் வீட்டில் இதற்குப் பெரிய எதிர்ப்பு.)

எனக்குக் கைகொடுத்தது ஒரு கரண்டி. பெரிய கரண்டியை எடுத்துக் காய்க் கிண்ணத்தில் போட்டேன், சோற்றுக்குச் சின்னது. காயை முதலில் பரிமாறிவிட்டால் தட்டில் இடம் தானாகக் குறையும். இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள்; அப்புறம் யாருக்கும் நினைவில்லை.

உலக சுகாதார நிறுவனம் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் என்கிறது. ஒரே வேளையில் மலைப்பாகத் தெரியும். 80 கிராம் வீதம் ஐந்து தடவையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடிதான். உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்.

காலை உணவைத் தவிர்க்கிறீர்களா என்று எழுதவில்லையே. மாலையில் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறவர் என்றால், அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.