ரத்தக் கழிச்சல்: மருந்தோடு தண்ணீர்க் குவளையின் அடியையும் பாருங்கள்

கேள்வி: வீட்டுத் தேவைக்காக 40 கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். இப்போது 5 வார வயது. 4 வாரம் வரை விளக்கு வெப்பத்தில் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அப்புறம் பெரிய கோழிகள் இருக்கும் கொட்டகையிலேயே ஒரு தடுப்புக் கட்டி இறக்கி விட்டேன். மூன்று நாளாகப் பல குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒரே இடத்தில் நிற்கின்றன. எச்சத்தில் ரத்தம் வருகிறது. 5 குஞ்சுகள் இறந்துவிட்டன. வீட்டில் மீதமிருந்த ஆன்டிபயாட்டிக்கும் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கும் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரை முழுக்கத் தெளித்தேன். சாவு நிற்கவில்லை. என்ன செய்வது? பெரிய கோழிகளுக்கும் வருமா? முட்டையைச் சாப்பிடலாமா?

பதில்: வயது, ரத்தம், குஞ்சுகள் நிற்கும் விதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது ரத்தக் கழிச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காக்சிடியோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உறுதி செய்வதும் கடினமில்லை. கடைசியாக இறந்த குஞ்சையும் கொஞ்சம் புது எச்சத்தையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குஞ்சு இறந்து சில மணி நேரத்துக்குள் போவது நல்லது, இல்லையென்றால் குடல் அழுகிவிடும். குடலின் கடைசிப் பகுதியில் இரண்டு பை போலத் தொங்கும் குடல்வால்கள் வீங்கி, உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் சந்தேகமே இல்லை. எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலும் தெரியும். ஆனால் இதில் ஒவ்வொரு நாளும் கணக்கு. மருத்துவரைப் பார்க்க நாளாகும் என்றால் தொலைபேசியிலாவது கேட்டுக்கொண்டு இன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் பி காம்ப்ளெக்ஸை நிறுத்துங்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் இந்த நோய்க்கு அதிகம் பயன்படும் மருந்தான ஆம்ப்ரோலியத்துக்கு அது நேர் எதிரி. நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி வளர வைட்டமின் பி1 வேண்டும். ஆம்ப்ரோலியம் பி1 போலவே உருவம் காட்டி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. நாம் தண்ணீரில் பி1-ஐயும் சேர்த்து ஊற்றினால் மருந்து வீண். சிகிச்சை முழுவதும் முடிந்த பிறகு தாராளமாகக் கொடுங்கள், அப்போது அது தேவைப்படும். வைட்டமின் ஏ, கே இரண்டையும் சிகிச்சையின் போதே கொடுக்கலாம். குடல் தோல் ஆறவும் ரத்தம் உறையவும் உதவும்.

மீதமிருந்த ஆன்டிபயாட்டிக் ஏன் கேட்கவில்லை என்றால், இது பாக்டீரியா நோய் இல்லை. ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணியால் வருவது. புண்ணான குடலில் பின்னால் பாக்டீரியா சேர்ந்துகொள்வது உண்டு. அப்படி ஆகியிருக்கிறதா, எந்த மருந்து வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆம்ப்ரோலியத்தின் அளவைச் சொல்கிறேன். உங்கள் குஞ்சுகளுக்கு நோய் முற்றியிருப்பதால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 240 மில்லிகிராம் மருந்துச் சத்து போக வேண்டும். பொட்டலத்தில் 20 சதவீதத் தூள் என்று போட்டிருந்தால் அது 1.2 கிராம் தூள். 5 நாள் இப்படிக் கொடுங்கள். அதன்பின் லிட்டருக்கு 0.3 கிராம் தூளாகக் குறைத்து இன்னும் 1 முதல் 2 வாரம். தூள், திரவம் என்று பல வீரியங்களில் வருவதால் உங்கள் கையில் இருப்பதன் மேலுறையைப் படித்துக் கணக்குப் போடுங்கள். கண் மதிப்பில் ஒரு சிட்டிகை என்று போடாதீர்கள். சமையலறைத் தராசில் 1 கிராமைச் சரியாக நிறுக்க முடியாது. 10 லிட்டருக்கு 12 கிராம் என்று நிறுத்து மொத்தமாகக் கரைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வேறு எந்தத் தண்ணீரும், தேங்கிய குட்டையும்கூட, குஞ்சுகளுக்கு எட்டக்கூடாது.

நோய் தெரியாத குஞ்சுகளுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தண்ணீர். 35 குஞ்சுகளுமே அதே தரையில் கொத்தியவை. நோயுற்ற குஞ்சு தீவனத்தை நிறுத்திவிட்டாலும் தண்ணீர் குடிப்பதைக் கடைசி வரை விடாது, அதனால்தான் தீவனத்தில் கலக்காமல் தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறேன். மிகவும் தளர்ந்து போனவற்றைத் தனியே எடுத்து, வெப்பம் கொடுத்து, அலகு நுனியை மருந்துத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் குடிக்க வையுங்கள். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும்.

டோல்ட்ராசுரில் என்ற மருந்தும் உண்டு. ஒட்டுண்ணியின் எல்லா வளர்நிலைகளையும் தாக்கும், 2 நாளில் முடிந்துவிடும். 2.5 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 1 மில்லி, 48 மணி நேரம் தொடர்ந்து. ஆனால் நாம் சாப்பிடும் முட்டையை இடுகிற கோழிக்கு இது கூடவே கூடாது, முட்டையிடும் பருவத்தை நெருங்கிய பெட்டைக்கும் கூடாது. சல்ஃபா மருந்துகளை நான் முதலில் சொல்வதில்லை. அவை வைட்டமின் கே-யைக் குறைத்து ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும், நீர் வற்றிய குஞ்சின் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மனம் தளராமல் இருக்க. மருந்து தொடங்கிய பிறகும் ஓரிரு நாள் சில குஞ்சுகள் இறக்கலாம். ரத்தம் நம் கண்ணில் படும்போது, ஒட்டுண்ணி குஞ்சுக்குள் போய் 4, 5 நாள் ஆகியிருக்கும். அதற்குள் கிழிந்த குடலை எந்த மருந்தும் ஒரே நாளில் ஒட்ட வைக்காது. அந்த ஒரு வாரத்தைத் தாண்டிய குஞ்சு பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இனி கொட்டகைக்கு வருவோம். எனக்கு உங்களிடம் பேச வேண்டியதே முக்கியமாக இதுதான்.

நோயுள்ள கோழியின் எச்சத்தில் ஊசிஸ்ட் என்ற நுண்ணிய உறைகள் வெளிவரும். வித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த உடனே அந்த வித்தால் நோயைக் கொடுக்க முடியாது. அது முதிர வேண்டும். முதிர ஈரம், காற்று, இதமான வெப்பம் மூன்றும் வேண்டும். மூன்றும் கிடைத்தால் 1 முதல் 2 நாளில் முதிர்ந்துவிடும். அதைக் குஞ்சு கொத்தி விழுங்கினால், ஒரு வித்திலிருந்து 8 ஒட்டுண்ணிகள் கிளம்பிக் குடல் சுவரில் புகுந்து பெருகும். ஒரு வாரத்துக்குள் பல்லாயிரக்கணக்கான புது வித்துகள் எச்சத்தில் வரும். ஆக நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்த 1, 2 நாள்தான். அதற்குள் எச்சத்தை அள்ளிவிட வேண்டும், இல்லை காயவைத்துவிட வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதில் இருக்கிறது. வித்தின் ஓடு கெட்டி. பிளீச்சிங் பவுடர், பினாயில் போன்ற வழக்கமான கிருமிநாசினிகள் அதைத் துளைப்பதில்லை. அதற்கும் மேலாக, தண்ணீரில் கரைத்துத் தெளித்ததால் தரை நனைந்தது. வித்து முதிர வேண்டிய ஈரத்தை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கொதிநீர், நல்ல வெயில், வறட்சி இவைதான் அதைச் சாகடிக்கும். 10 சதவீத அமோனியாக் கரைசலும் கொல்லும், ஆனால் அதன் நெடி கோழிக்கும் ஆளுக்கும் ஆபத்து. கோழிகள் இல்லாத காலிக் கொட்டகையில் மட்டும்தான். அதிலும் பிளீச்சிங் பவுடர் தெளித்த தரையில் ஊற்றவே ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

நான் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் முதலில் தண்ணீர்க் குவளையைத் தூக்கி அதன் அடியைத்தான் பார்ப்பேன். உங்களுடையதையும் தூக்கிப் பாருங்கள். அடியிலும் சுற்றிலும் ஒரு முழம் கூளம் கறுத்து, சொதசொதவென்று இருக்கும். நோய் விளைகிற வயல் அதுதான். இன்று அந்த ஈரக் கூளம் முழுவதையும் அள்ளி, கோழி எட்டாத தூரத்தில் குவித்து மட்க விடுங்கள். அந்த இடத்தில் காய்ந்த உமியோ மரத்தூளோ போடுங்கள். குவளையைச் செங்கல் அல்லது கம்பி வலைச் சட்டத்தின் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். குஞ்சு வளர வளர இதுவும் உயர வேண்டும். தீவனத் தட்டுக்கும் இதே கணக்கு: குஞ்சு உள்ளே ஏறி நின்று எச்சமிட முடியாதபடி இருக்க வேண்டும். சிகிச்சை நடக்கும் நாட்களில் ஈரமான இடத்தைத் தினமும் அள்ளுங்கள், மற்ற இடத்தைக் கிளறிவிடுங்கள்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், அன்றே மாற்ற வேண்டும்.

பெரிய கோழிகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவை சிறு வயதில் கொஞ்சம் கொஞ்சமாக இந்த வித்துகளை விழுங்கி எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கும், அதனால் நலமாகவே தெரிகின்றன. ஆனால் எச்சத்தில் வித்துகளை விட்டுக்கொண்டே இருக்கும். 4 வாரம் சுத்தமான பெட்டியில் வளர்ந்த குஞ்சுகளை அந்தப் பழைய கூளத்தில் ஒரே நாளில் இறக்கியது அவற்றுக்குத் தாங்கவில்லை. உங்கள் தவறு என்று குற்றம் சொல்லவில்லை, பலரும் செய்வதுதான். கோழிகளைத் தாக்கும் ஐமீரியாவில் 7 இனங்கள் முக்கியமானவை. ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு மற்றதற்கு உதவாது. எனவே வெளியிலிருந்து புதுக் கோழி வாங்கினால் பெரிய கோழிக்கும் கழிச்சல் வரலாம். ஆடு, மாடு, வாத்துக்கு உங்கள் கோழியிடமிருந்து இது தொற்றாது. மனிதருக்கும் வராது.

பெரிய கோழிகளுக்குத் தனித் தண்ணீர் வைத்திருந்தால் முட்டையைத் தயங்காமல் சாப்பிடுங்கள். அவை அந்த ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணீரைக் குடித்திருந்தால் மட்டும், எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆம்ப்ரோலியத்துக்குப் பல நாடுகளில் முட்டைக்குக் காத்திருப்பு நாள் கிடையாது. இருந்தாலும் மேலுறையில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். இறந்த குஞ்சுகளைச் சமைக்கவோ நாய்க்குப் போடவோ வேண்டாம், ஆழமாகப் புதையுங்கள்.

அடுத்த முறை குஞ்சு எடுக்கும்போது, பெரிய கோழி கால் வைக்காத தனி இடத்தில் புதுக் கூளம் போட்டு வளர்த்து, குஞ்சுக்கு 1 சதுர அடியாவது கொடுங்கள். கழிச்சல் தடுப்பு மருந்து சேர்த்த குஞ்சுத் தீவனம் கிடைக்கும், அல்லது ஒரு நாள் குஞ்சிலேயே தடுப்பூசி போட்டு வாங்கலாம். இரண்டில் ஒன்றுதான். தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வித்துகள், மருந்துத் தீவனம் அவற்றைக் கொன்று தடுப்பூசியை வீணாக்கிவிடும். மோனென்சின், சாலினோமைசின் சேர்த்த தீவனம் என்றால் குதிரைக்கு எட்டாமல் வையுங்கள், உயிரையே பறித்துவிடும்.

இன்றிலிருந்து மூன்றாம் நாள் மாலை எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் குறைந்து, குஞ்சுகள் தட்டைத் தேடி வந்தால் சரியான வழியில் போகிறது. மூன்று நாளாகியும் ரத்தம் அப்படியே இருந்தால் ஒட்டுண்ணி அந்த மருந்துக்குப் பழகியிருக்கலாம், மருத்துவரைக் கேட்டு மருந்தை மாற்றுங்கள். கழுத்து திருகுவது, மூச்சுத் திணறுவது, எச்சம் கந்தக மஞ்சளாக வருவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் அது வேறு நோய். மூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே கொண்டு போய்க் காட்டுங்கள்.