ஒரே தாயின் முட்டையில் மூன்று நிறக் குட்டிகள்

கேள்வி: ஏற்காட்டில் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். மகன் ஒரு ஜோடி கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) வளர்க்கிறான், இரண்டுமே சாதாரண ஆரஞ்சு-சிவப்பு நிறம். 14 முட்டையில் 12 பொரிந்தன. எட்டு தாய் தகப்பன் மாதிரி, மூன்று சாம்பல், ஒன்று மட்டும் கண் சிவந்து வெளுத்த ரோஸ் நிறம். இது நோயா? வாங்க வந்தவர் சாம்பல் குட்டிகளை ‘லாவெண்டர்’ என்ற நிற வகை என்கிறார். நம்பலாமா?

பதில்: நோய் இல்லைங்க, பயப்படாதீர்கள். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விதை எடுத்து வைத்து மறு போகம் போட்டால் நெட்டையும் குட்டையுமாகக் கலந்து வரும், பார்த்திருப்பீர்கள். இங்கே நடந்ததும் அதுதான். தாய், தகப்பன் இரண்டும் வெளியே தெரியாத நிற மரபணுக்களைச் சுமந்திருக்கின்றன, இரு பக்கமிருந்தும் ஒன்றாகச் சேர்ந்த குட்டியில்தான் அந்த நிறம் தெரிகிறது. இப்படி ஒரு மரபணு இருவரிடமும் இருந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு வரலாம். உங்கள் மூன்று சாம்பல் குட்டிகள் அந்தக் கணக்குக்கு ஒத்துப்போகின்றன.

முதலில் கண்ணைப் பாருங்கள். கண்மணி சிவப்பாக இருந்து, உடம்பில் ஒரு பொட்டுக் கறுப்பும் இல்லையென்றால் அது அமெல், அதாவது கறுப்பு நிறமி இல்லாதது. 1953இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிடிபட்ட ஒரு பாம்பிலிருந்துதான் இந்த வகை பெருகியது. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், மனிதர்களில் பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்திருக்கும் அல்பினிசத்தில் ஒரு வகைக்கும் அதே மரபணுதான் காரணம். அடுத்து முதுகுத் திட்டுகளைப் பாருங்கள். அவை ஆரஞ்சாக இருந்தால் வெறும் அமெல். ஆரஞ்சே இல்லாமல் வெளிர் ரோஸாக இருந்தால், சாம்பல் குட்டிகளில் இருக்கும் அதே மரபணுவும் இதில் சேர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்வது 16இல் ஒன்றுதான்.

சாம்பல் குட்டிகள் விஷயத்தில்தான் அவசரம் கூடாது. சிவப்பு நிறமி இல்லாத அனெரி, சார்க்கோல், லாவெண்டர், ஏன் கேரமல் என எல்லா நிற வகைகளும் பொரிந்த புதிதில் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இருக்கும். இன்னொரு தொல்லை, சாதாரணக் குட்டிகளே முதலில் மங்கலாகப் பழுப்பும் சாம்பலுமாக இருக்கும், ஆரஞ்சு பின்னால்தான் ஏறும். பொரிந்து ஒரு வாரம் பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும். உரித்த மறுநாள் காலை, வெயில் நேராகப் படாத நல்ல வெளிச்சத்தில் வெள்ளைத் துணி மேல் விட்டு, கழுத்துக்கு அருகே முதல் இரண்டு மூன்று திட்டுகளுக்கு நடுவில் பாருங்கள். அங்கே துளி ஆரஞ்சு தெரிந்தால் அது சாதாரணக் குட்டிதான். சட்டை உரிக்கும் முன் கண் பால் மூடினாற்போல இருக்கும், அப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அப்புறம் மாதக் கணக்கில் காத்திருங்கள். வளர வளரத் தாடையிலும் கழுத்தோரத்திலும் மஞ்சள் ஏறினால் அனெரி, ஏறாவிட்டால் சார்க்கோல் என்று சந்தேகப்படலாம். லாவெண்டர் என்றால் திட்டுகள் ஊதா கலந்த பழுப்பாக மாறி வரும். அடிவயிற்றையும் திருப்பிப் பாருங்கள், கறுப்பு வெள்ளைக் கட்டம் இல்லாமல் வெறுமையாக இருந்தால் மாட்லி அல்லது கோடு வகை, இவை நிறத்தில் அல்ல, திட்டுகளின் வடிவத்தில் மாறியவை. வாங்க வந்தவர் இப்போதே ‘லாவெண்டர்’ என்று உறுதியாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மகன் விற்பதாக இருந்தால் ‘சாம்பல், வகை தெரியாது’ என்றே எழுதிக் கொடுக்கட்டும்.

உங்கள் ஊர் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், மார்கழி இரவில் பெட்டியில் ஒரு பக்கமாவது 29, 30 டிகிரி வெப்பம் வேண்டும், இல்லாவிட்டால் தின்ற எலிக்குஞ்சைக் கக்கிவிடும். குட்டி அதிகம் என்று ஒன்றைக்கூடத் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள், அது இந்த மலையின் பாம்பு இல்லை. அடுத்த சட்டை உரித்ததும் அந்த ரோஸ் குட்டியின் முதுகையும் சாம்பல் குட்டிகளின் கழுத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.